திண்ணை யாருக்கு?

எட்டாம் வகுப்பில் இலக்கணப் போலி நடத்திக்கொண்டிருந்தேன். 'இல்முன்' என்று நிற்கவேண்டிய சொல் 'முன்றில்' என்று மாறி நிற்கிறது. 'இல்வாய்' என்பதே 'வாயில்' ஆயிற்று. முன்பின்னாக மாறினும் சான்றோர் வழக்கில் இலக்கணம் உடையதுபோலவே ஏற்கப்பட்டது என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். முன்றில் என்பது வீட்டின் முன்னிடம், வருவோரை வரவேற்கும் இடம் என்றும் சொன்னேன். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க வீட்டுக்கு முன்னாடி சாக்கடைதான் ஓடுது. அதுவும் முன்றிலா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு பின்னர் என்னைச் சுட்டது. எப்படிச் சுட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் நம் வீட்டு வாயில்களைப் பற்றிச் சில சொற்கள்.

திண்ணையைப் பாடும் காலம் இது. எந்த ஏட்டைப் புரட்டினாலும் "அந்தக் காலத்துத் திண்ணை!" என்ற பெருமூச்சு கேட்கிறது. வழிப்போக்கன் தங்கினான், வறியவன் இளைப்பாறினான், ஊரார் கூடி உரையாடினர், தமிழன் நெஞ்சம் திண்ணைபோல் அகன்று கிடந்தது. இன்றோ இரும்புக் கம்பிக்கதவு போட்டு இல்லத்தையும் அடைத்தோம், இதயத்தையும் அடைத்தோம் என்று எழுதுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், வழிப்போக்கன் என்றால் எந்த வழிப்போக்கன்? ஊரார் என்றால் எந்தத் தெருவார்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தத் திண்ணையைக் கடந்து போனானே ஒருவன், அவனும் ஊரானில்லையா? அவனுடைய பெருமூச்சை எந்த ஏடு வெளியிட்டது?

திண்ணையில்தானே நம் கல்வி வளர்ந்தது என்பர் சிலர். வளர்ந்தது, உண்மை. மணலில் எழுதியும் ஓலையில் கீறியும் பயின்ற திண்ணைப் பள்ளிகள் இருந்தன. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். கணக்கு முடிந்தபோது மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர் என்று தெரிந்தது. அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? 4,540. நூற்றுக்கு மூவர்கூட இல்லை! திண்ணையின் பெருமையை எழுதுவோர் முதல் இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகின்றனர். ஆசிரியையாகிய நான் அந்த மூன்றாவது எண்ணிலிருந்துதான் தொடங்க முடியும்.

என் ஊர் வத்தலக்குண்டு. வெற்றிலைக்குண்டு என்பதே இப்படித் திரிந்தது என்று ஊரார் கூறுவர். வந்தவர்க்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவது விருந்தோம்பல் என்றால், விருந்தோம்பலே ஊர்ப் பெயராக வாய்த்த ஊர் இது. எழுத்துக்கும் புதிய ஊரன்று. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் இவ்வூரில் பிறந்தவர். 1959இல் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவுக்கும் இதுவே ஊர். அவருடைய குறுநாவல் ஒன்றின் பெயரே 'வாடிவாசல்'. காளை வெளிப்படும் வாசலில் நிகழும் கதை. சமீன்தார் வீட்டுக் காளைமீது யார் கைவைக்கத் துணிவார் என்பது அதில் எழும் கேள்வி. மாட்டுக்கு அமைத்த வாசலுக்கே இவ்வளவு வழக்கென்றால், மனிதர்க்கு அமைத்த வாசலைப் பற்றிக் கேட்பானேன்!

கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகள் எங்கள் ஊர் வழியாகச் செல்கின்றன. அந்தச் சாலையோரத்து உணவகங்களும் விடுதிகளும் இப்போது முகப்பில் இரண்டு உருண்டைத் தூண்களை நட்டு, செங்காவி பூசி, ஓடு வேய்ந்து, மூலையில் ஓர் ஆட்டுரலையும் வைத்துவிடுகின்றன. அது 'திண்ணை'யாம். அதில் எவரும் படுத்துறங்குவதில்லை. படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர். இத்தகைய அழகுக்குச் சரக்கு காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் கிடைக்கிறது. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் அங்கே கடை கடையாக அடுக்கிக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கில் பல மாதம் தச்சர் குடைந்த பூவேலை நிலை, யாரோ ஒருவர் வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. தலைவாசல் கதவையே படுக்கவைத்து, நான்கு கால் கொடுத்து, மேலே கண்ணாடி பதித்து, வரவேற்பறை நடுவில் மேசையாக்குகின்றனர். திறக்கவும் முடியாத, மூடவும் முடியாத கதவு! அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு பண்பாடு பேசுகின்றனர்.

தச்சரின் கைத்திறனைப் பழிப்பதாக யாரும் எண்ணவேண்டா. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். பழைய வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கின்றனர். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் வழவழப்பான தூணை என் மாணவி ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மகிழ்ந்தேன். நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் அந்த வீட்டின் பின்கட்டு வரை போகலாம் என்பது இந்தப் புதிய ஏற்பாட்டின் நன்மை. வீடு வீடாக இருந்த நாளில் அவளால் அந்தத் தூணைத் தொட்டிருக்க முடியுமா?

வீட்டு முகப்பின் அழகைத் திறனாய்வு செய்வோர் தூணின் பருமனையும் தரையின் வண்ணத்தையும் மட்டும் பார்ப்பது, பாட்டின் பொருளை விட்டு மோனையை மட்டும் எண்ணுவது போன்றது. யாரை எங்கே நிறுத்துவதற்காக இது கட்டப்பட்டது என்று கேட்டால்தான் வீட்டின் பொருள் விளங்கும். செட்டிநாட்டு மாளிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிப் பளிங்காக்கிய சுவர், இந்தத் தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் புறவாசலுமாக நீளும் நீளம்; 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதில் வியப்பில்லை. ஆனால் அந்த நீளம் ஓர் அளவுகோலும்கூட. முன்திண்ணையும் முகப்பும் ஆடவர்க்கும் அவர்தம் கணக்குக்கும். வளவு சடங்குக்கு. அடுத்த கட்டு பந்திக்கு. அதற்கும் பின்னே, அடுப்புக்கும் அம்மிக்கும் அருகில், பெண்கள். ஏவல் செய்வோர் புறவாசல் வழியாக வந்து புறவாசல் வழியாகவே போவர். வீட்டின் ஒவ்வொரு நிலையும் ஒருவரைப் பார்த்து 'இதற்குமேல் வேண்டாம்' என்று சொல்கிறது. அழகாகச் சொல்கிறது என்பதுதான் வேறுபாடு.

பழந்தமிழ்ப் பாட்டில் இப்படி இல்லையே என்று சிலர் எதிர்வாதம் செய்யலாம். பழந்தமிழ்ப் பாட்டுக்கே போவோம். எனக்கும் அதுதானே தொழில். குறுந்தொகையின் 118ஆம் பாட்டில் நன்னாகையார் ஒரு மாலைப்பொழுதைக் காட்டுகிறார். பலரும் வந்துபோகும் வாயிலை அடைக்கும் நேரம். அடைப்பதற்கு முன் காவலர், இன்னும் உள்ளே வரவேண்டியவர் யாரேனும் உண்டோ என்று குரல் கொடுக்கின்றனர். அந்தக் குரலுக்கு விடையாகக்கூடத் தன் காதலன் வரவில்லையே என்று வருந்துகிறாள் தலைவி. காதல் துயரைச் சொல்லவந்த பாட்டு, போகிறபோக்கில் ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்லிவிட்டது. கதவடைக்குமுன் கேட்டுவிட்டு அடைப்பது! இதைவிட அழகான வாயில் அணியை நான் அறியேன். சிறுபாணாற்றுப்படையோ நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது என்று போற்றுகிறது. போற்றட்டும். பாடியும் ஓதியும் பரிசில் பெற வருவோரின் பட்டியல் அது. நெல் சுமந்து வருவோரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுவோம்.

நெடுநல்வாடை இன்னும் உற்று நோக்கத்தக்கது. அரண்மனை எழுந்த முறையை நக்கீரர் கட்டடக் கலைஞரைப் போல் விளக்குகிறார். இரு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலைக் கண்டு, நூல் பிடித்துத் திசை குறித்தனர். இரும்பால் பிணித்து அரக்குப் பூசிய கதவை அமைத்தனர். கொடியேந்திய யானை குனியாமல் நுழையுமளவு உயர்ந்த வாயில். முற்றத்தில் கொண்டுவந்து பரப்பிய மணல். திசை காண அவர்கள் நிழலைப் பார்த்தனர் என்பதை, ஈசானிய மூலைக்கும் அக்கினி மூலைக்கும் கூலி கொடுத்து ஆள் வைத்துப் பார்க்கும் இன்றைய வீடுகட்டிகள் கேட்கவேண்டும். அஃது ஒருபுறமிருக்க, அந்த யானை புகும் வாயிலுக்குள், அத்தனை கட்டுகளுக்கும் உள்ளே, தந்தக் கட்டிலில் யார் இருக்கிறார்? அரசி. அணிகலன் களைந்து, கண்ணீர் துடைத்துக்கொண்டு, போருக்குப் போனவன் வருவானா என்று ஏங்கிக் கிடக்கிறாள். அவனோ பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். யானை தாராளமாக நுழையும் வாயிலில் அந்தப் பெண் வெளியே வந்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. நக்கீரர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பெருவாயிலையும் சிறைப்பட்டவளையும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அவ்வளவு போதும் நமக்கு.

இனி ஏட்டை மூடிவிட்டுத் தெருவில் இறங்குவோம். கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காக நாங்கள் வீடு வீடாகப் போவதுண்டு. சுற்றுப்புறச் சிற்றூர் ஒன்றில், பழைய பெரிய வீடு. இருபுறமும் திண்ணை, தேய்ந்து மின்னும் கருங்கல் படி. என்னுடன் வந்த தலைமையாசிரியரை வீட்டுப் பெரியவர் எழுந்து வரவேற்றுத் திண்ணையில் பாய் விரித்து அமர்த்தினார். நான் அமரப்போனேன். உள்ளிருந்து அம்மையார் குரல்: "டீச்சர் நீங்க உள்ள வாங்க. ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கட்டும்." அன்பான குரல்தான். நடையைக் கடந்து, பட்டாசாலையைக் கடந்து, முற்றத்தைச் சுற்றி அடுப்படி ஓரத்துக்குப் போனேன். சேர்க்கைப் படிவம் என் கையில் இருந்தது. பேச்சு திண்ணையில் நடந்தது. எந்தப் பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் போனோமோ அவள் என் அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திண்ணையில் அவளைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தனர்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

"வத்தலக்குண்டுதாங்கம்மா."

"வத்தலக்குண்டுல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வியின் பொருள் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? என் விடை, காப்பி எந்தத் தம்ளரில் வரவேண்டும் என்பதை முடிவு செய்தது. எந்தத் தம்ளரில் வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எதில் வந்திருந்தாலும் குற்றம் ஒன்றுதான். தெருவைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் பால் வைத்தார் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தால் சட்டம் கேட்கும். அடுப்படியில் வைத்தால் யார் கேட்பது?

அடுத்து நாங்கள் போனது புதிதாகக் கட்டிய வீடு. திண்ணை இல்லை, கம்பிக்கதவு. நிலைக்கு மேலே பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். மாவிலைத் தோரணம், நெகிழியில் செய்தது. ஆண்டு முழுதும் வாடாது. அதற்கருகே கண் திருஷ்டிக் கணபதி படம். கறுப்புக் கயிற்றில் படிகாரக் கல். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம். தலைகீழாகத் தொங்கும் கற்றாழை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பல்லிளிக்கும் பூசணிப் பொம்மை. இத்தனையும் யாரை விரட்ட? கண்ணை விரட்டவாம், பார்க்கிறவரின் கண்ணை! வருவோரை 'வாருங்கள்' என்று சொல்ல ஒரு கால்மிதியடி. 'உன் கண்ணில் நஞ்சிருக்கிறது' என்று சொல்ல ஆறு பொருள்கள். இவை போதாவென்று கதவில் இரண்டு பூட்டு. பூட்டைப் பழிக்கமாட்டேன், எங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் கையால் செய்து பேர்பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமை உண்டு. பூட்டு நேர்மையானது. திருடனுக்குத்தான் பூட்டு என்று அதற்குத் தெரியும். எலுமிச்சை மிளகாய்க்கு அண்டைவீட்டுக்காரனும் திருடன்தான்.

உள்ளே வரவேற்பறை. மெத்தை நாற்காலிகள், அவற்றின் கடை உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. கண்ணாடி அலமாரியில் பொம்மைகளும் யாரும் குடித்திராத கோப்பைகளும். 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அரசு தந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கைகளை எல்லாம் ஒரே திசைக்குத் திருப்பிவிட்டது. முகத்தோடு முகம் நோக்கி அமர்ந்தவர் தோளோடு தோள் அமர்ந்து திரையை நோக்கினர். இந்த வீட்டில் அந்தப் பெட்டி போய்ச் சுவரகலத் திரை வந்திருந்தது, திசை மாறவில்லை. சுவரில் முன்னோர் படங்கள், வணங்குவோரை நோக்கித் தலைசாய்த்தபடி. அவற்றுக்கு மேலே கடவுளர் படங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் இலக்குமியும் கலைமகளும் வீடுதோறும் ஒரே முகத்தோடு குடியேறினர். கோவில்பட்டி கொண்டையராஜுவின் தூரிகை அவர்களை நாட்காட்டிக்குள் கொணர்ந்தது. நம்மவர் வீடுகளில் அந்த இடத்தில் பெரியார் படமும் அண்ணா படமும் தொங்குகின்றன. படம் மாறியது; படத்துக்குக் கீழே யார் அமர்கிறார், யார் நிற்கிறார் என்பது மாறியதா? அந்த வீட்டில் மாணவியின் தாய் எங்களோடு பேசிய அரைமணி நேரமும் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஏழு பேர் அமரும் அறையில் அவருக்கு இருக்கை இல்லை. "உக்காருங்கம்மா" என்றேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார். படிக்கும் பெண் எங்கே அமர்ந்து படிப்பாள் என்று கேட்டேன். புழக்கடைப் படியைக் காட்டினார்.

வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் 1880இல் பர்மிங்காமில் ஆற்றிய உரையொன்றில், பயனும் அழகும் அற்ற எதற்கும் வீட்டில் இடம் தரவேண்டா என்று அறிவுரை கூறினார். பின்னாளில் பொதுவுடைமைப் பக்கம் வந்த பெருமகன், சொன்னதும் நல்லதே. ஆனால் யாருக்குப் பயன் என்று நம் நாட்டில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடி அலமாரி வீட்டுக்காரருக்கு அழகானது. அது நின்ற இடத்தில் ஒரு மேசை நின்றிருந்தால் அந்தப் பெண் படித்திருப்பாள்.

மூன்றாவது வீடு ஊருக்கு வெளியே, காலனியில். ஒற்றை அறை, முன்னால் தென்னங்கீற்றுச் சாய்ப்பு. உள், வெளி என்று பிரிக்க அங்கே இடமில்லை. வாயிலே வீடு, வீடே வாயில். எங்களுக்காக அடுத்த வீட்டிலிருந்து இரண்டு சிவப்பு நெகிழி நாற்காலிகள் வந்தன. தலைமையாசிரியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த ஊரில் நான் ஆடவருக்குச் சமமாக அமர்ந்த முதல் இடம் அதுதான்! சுவரில் பொங்கலுக்குப் பூசிய நீலம், அதன்மேல் பிள்ளைகள் வரைந்த மயில். வெயில் கொளுத்தியது. ஆனால் நெடுநேரம் எவரும் தண்ணீர் தரவில்லை. கஞ்சத்தனம் அன்று. தந்தால் வாங்குவோமா என்ற ஐயம். எத்தனையோ தலைமுறையாக ஏற்றிவைத்த ஐயம். நானே கேட்டபிறகு அந்தத் தாய் செம்பைத் தேய்த்த வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வாயில் அழகென்றால் கோலத்தை விடமுடியாது. கோலம் போடுவோரை நான் எள்ளமாட்டேன். புள்ளி பிசகாமல் கம்பி இழுக்கும் பெண்ணிடம் கணக்கும் இருக்கிறது, கலையும் இருக்கிறது. ஆனால் விடியுமுன் எழுந்து சாணம் தெளித்து அவள் போட்டதை எட்டு மணிக்கு வண்டிச் சக்கரம் அழிக்கிறது. அடுத்த நாளும் அவளே எழுகிறாள். தெருவுக்கு அழகு தரும் அவளே மாதத்தில் சில நாள் அந்தக் கோலத்தைத் தாண்டி உள்ளே வரலாகாது என்று விலக்கப்படும் வீடுகள் இன்றும் உண்டு. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் அதற்கென்றே முட்டுவீடு கட்டிவைத்திருந்தனர். கோலம் பெண்ணின் பேச்சாகவும் ஆகலாம் என்பதை ஒருமுறை கண்டோம். 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலமிட்டோரைக் காவல்துறை பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தது. அடுத்த நாள்களில் எத்தனையோ வீட்டு வாசல்களில் அதே மறுப்பு மாவால் எழுதப்பட்டது. எறும்புக்கு உணவு என்று நாம் சொல்லிவந்த மாக்கோலத்தை அரசு படித்துப் பார்த்த நாள் அது.

வீட்டு வாயில் மட்டுமா? ஊருக்கும் வாயில் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் தெருவுக்கும் தெருவுக்கும் இடையே சுவர் எழுப்பினர். 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. தோரணம் இல்லை, தூண் இல்லை, பூவேலை நிலை இல்லை. உடைந்த கல்லும் புழுதியுமாய் ஒரு திறப்பு. அண்மைக் காலத் தமிழ்நாட்டில் திறந்த வாயில்களுள் அழகானது எது என்று தேர்வில் கேட்டால் நான் அதையே எழுதுவேன். 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் முதலாவது, அதே மாவட்டத்து மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 100 வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. கலந்து குடியமர்த்தினர். அங்கே 'எந்தத் தெரு' என்று கேட்டால் விடை ஒன்றும் தெரியாது! கட்டடமாகப் பார்த்தால் கலையழகு குறைந்த, ஒன்றுபோல் ஒன்று நிற்கும் சிறு வீடுகள். முகப்பழகு தெரிந்தோர் இன்னும் நன்றாகக் கட்டியிருக்கலாம் என்பர். நானும் மறுக்கவில்லை. நம் முன்னோடிகள் கட்டிய படிப்பகங்களும் அப்படித்தான். ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு மரப்பலகை, நாலு ஏடு. எழுத்தறியாதவர்க்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். தெரு கேட்காத திண்ணை அதுதான்.

இவ்வளவும் எழுதிய என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? எங்கள் வீட்டுக்குத் திண்ணை கிடையாது. மூன்று படி, ஒரு சிறு தளம், கதவு. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டுரை ஏடுகளைப் பள்ளியிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று ஒரு மாணவி அவற்றைப் பையில் சுமந்து வந்தாள். முன்றில் பற்றிக் கேட்டவள்தான். கதவு திறந்தே இருந்தது. அம்மா கதவருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பெண் கோலத்தின் ஓரத்தில், முதல் படிக்குக் கீழே, தானாகவே நின்றுவிட்டாள். யாரும் கோடு போட்டுக் காட்டாமல் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்து போய் ஏடுகளை வாங்கினேன். மழையில் ஏன் வந்தாய் என்று கடிந்துகொண்டேன். குடை இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் கேட்டேன், "உள்ளே வா" என்று மட்டும் என் வாயில் வரவில்லை. பட்டம் பெற்ற வாய், மேடையில் பேசும் வாய். அவள் போனபின் ஏடுகளைத் துடைத்து அடுக்கினேன். மேலே இருந்த ஏடு அவளுடையது. நனையாமல் இருக்க அதைத்தான் அடியில் வைத்திருக்க வேண்டும். மற்றவர் ஏடுகளைக் காக்கத் தன் ஏட்டை மேலே வைத்திருக்கிறாள்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். "நான் என்ன வராதேன்னா சொன்னேன்?" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. அம்மாவைக் குறைகூறி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்குத் திண்ணையில் அமரும் உரிமையே வாழ்நாளில் கிடைத்ததில்லை. மறுவாரம் அவளை அழைத்து வந்தேன். உள்ளே வந்தாள். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தாள். அம்மா காப்பி கொடுத்தார், எங்கள் தம்ளரில்தான். அவள் குடித்து முடித்ததும் தானே தம்ளரைக் கழுவப் போனாள். தடுத்தேன். ஒருநாள் அழைப்பால் எதுவும் தீர்ந்துவிடவில்லை என்று அந்த எழுச்சியிலேயே தெரிந்தது.

படிக்கட்டு வெடித்துவிட்டதால் வாசலைச் செப்பனிடக் கொத்தனார் வருகிறார். ஒருபுறம் இரண்டடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டச் சொல்லியிருக்கிறேன். மாலையில் பிள்ளைகள் வந்தால் அமர்ந்து படிக்க மேலே விளக்கும் வேண்டும் என்றேன். மழைச்சாரல் அடிக்கும், தகரக் கூரையை ஒரு முழம் நீட்டவேண்டும், செலவு கூடும் என்றார். கூடட்டும். அம்மா இன்னும் இசைவு தரவில்லை. திண்ணை கட்டினால் தெருநாய் வந்து படுத்துக்கொள்ளும் என்கிறார். அதுவும் படுத்துக்கொள்ளட்டும் என்றிருக்கிறேன்.